கடையை விட்டு நான்கு நாள்: புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் விடுமுறை எடுப்பது எப்படி

கடை வைத்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களிடம் "வெளியூர் எங்கேயாவது போனீர்களா?" என்று கேட்டுப்பாருங்கள். மச்சான் கல்யாணத்துக்குப் போனதையும் பெரியப்பா காரியத்துக்குப் போனதையும் சொல்வார்கள். அதுவும் விடியற்காலை கிளம்பி, சாயங்காலம் வந்து ஷட்டரைத் தூக்கியதாகத்தான் இருக்கும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த ஊழியருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முதலாளிக்கு அப்படி எந்தச் சட்டமும் நாள் ஒதுக்கித் தரவில்லை. நாமே ஒதுக்கிக்கொண்டால்தான் உண்டு.

நான் கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர், பெயிண்ட் கடை நடத்துகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதிதாக மளிகை, டெய்லரிங், டிபன் கடை, மொபைல் சர்வீஸ், எலக்ட்ரிக்கல் என்று ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் கடை ஓடாது என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால் அது ஏன் ஓடாது? எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன விலை, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உங்கள் தலையில் மட்டும் இருப்பதால். அதை அங்கிருந்து இறக்கி வைப்பதுதான் விடுமுறைக்கான வேலையில் முக்கால்வாசி. டிக்கெட் போடுவதும் ரூம் பார்ப்பதும் மீதிக் கால்வாசி.

கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிற கடைக்காரர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். நான்கைந்து நாள் கடை பூட்டியிருக்கும், அல்லது தம்பி உட்கார்ந்திருப்பார். "சாமி மலைக்குப் போயிருக்கார்" என்றால் வாடிக்கையாளர் சரி என்று போய்விட்டு மறுவாரம் வருவார். கடை ஒன்றும் மூழ்கிப்போவதில்லை. அதே நான்கு நாளைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு போவதற்கு எடுப்பதில் மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

முதலில் கணக்குப் போடுங்கள்

நான்கு நாள் கடையைப் பூட்டினால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் விற்பனைத் தொகையைச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் வியாபாரம், நான்கு நாளைக்கு 32,000 போச்சு என்பார்கள். அது தவறான கணக்கு. சரக்கு அலமாரியிலேயே இருக்கிறது, அதன் காசு எங்கும் போகவில்லை. 100 ரூபாய்க்கு 15 ரூபாய் நிற்கும் கடை என்றால், ஒரு நாளைக்கு உங்கள் கைக்கு வராமல் போவது 1,200. நான்கு நாளைக்கு 4,800. வாடகையும் ஊழியர் சம்பளமும் கடை திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும் கொடுக்க வேண்டியவைதான். அவற்றைத் தனியாக இன்னொரு தடவை கூட்டாதீர்கள்.

அந்த 4,800லும் ஒரு பகுதி திரும்பி வரும். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க நினைப்பவர் நான்கு நாள் பொறுப்பார். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர், ஃபேன் மாற்ற நினைப்பவர் எல்லாரும் அப்படித்தான். டீக்கடையிலும் டிபன் கடையிலும் அப்படி இல்லை. இன்று குடிக்காத டீயை யாரும் நாளைக்குச் சேர்த்துக் குடிக்கப் போவதில்லை. உங்கள் தொழில் இதில் எந்த வகை என்று பார்த்து, உண்மையான நஷ்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பயணச் செலவை அதன் கீழே எழுதுங்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் விடுமுறையின் விலை.

அந்தப் பணத்துக்குக் கல்லாவில் கை வைக்க வேண்டாம். தினமும் கடை கட்டும்போது 50 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டால், வருடத்தில் 300 நாள் கடை திறந்தாலும் 15,000 சேரும். இது சிறிய குடும்பத்துக்கு ஒரு பக்கத்துப் பயணத்துக்கு ஆகும். கடன் வாங்கி விடுமுறை போவது வேண்டவே வேண்டாம். போன இடத்தில் அந்த நினைப்பே உட்கார்ந்து அரிக்கும்.

எந்த நாட்கள்

இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரு முழு வருடத்தின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய பில் புத்தகங்களை எடுத்து, எந்த வாரம் மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு வருடக் கணக்குகூட இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். பத்து வருடமாக அதே தெருவில் இருப்பவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

நம் பக்கத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. மே மாதம் தொடங்கி ஜூலை வரை கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி சுற்றுவட்டாரமே மாங்காயில் ஓடும். மாங்கூழ் ஆலைகள் இயங்கும், மண்டிகளில் லாரி நிற்கும். அந்த நேரத்தில் டீக்கடை, மெஸ், பஞ்சர் கடை, மெக்கானிக் ஷாப் யாரும் நகர முடியாது. பென்னாகரம் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு ஆடிப் பதினெட்டும் கோடை விடுமுறையும்தான் வருமானம், ஒகேனக்கல் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். தைப்பூசத்தில் தருமபுரி குமாரசாமிப்பேட்டைத் தேர், மாசியில் காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளை, ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் தேர் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கூட்ட நாள் இருக்கிறது. வாரச்சந்தையையும் மறக்க வேண்டாம். போச்சம்பள்ளியில் ஞாயிறு, காரிமங்கலத்தில் செவ்வாய், குந்தாரப்பள்ளியில் வெள்ளி. சந்தை நாளில் பூட்டினால் ஒரு நாளில் மூன்று நாள் வியாபாரம் போகும்.

ஆடி, மார்கழி இரண்டிலும் முகூர்த்தம் இல்லை. நகைக்கடை, பாத்திரக்கடை, போட்டோ ஸ்டுடியோ, பந்தல், மேளம், பூ அலங்காரம் என்று கல்யாணத்தை நம்பிய தொழில் எல்லாவற்றுக்கும் அவை ஓய்வு மாதங்கள். ஜவுளிக்காரர்களுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடி இருப்பதால் இது பொருந்தாது. தீபாவளி முடிந்த மறுவாரம் கிட்டத்தட்ட எல்லாக் கடையும் ஓய்ந்துதான் இருக்கும், ஊரில் யார் கையிலும் காசு இருக்காது.

மாதத்துக்குள் எந்தத் தேதி என்று கேட்டால், நான் சொல்வது 21 முதல் 28 வரை. சம்பளம் வாங்குகிறவர் கையில் அப்போது பணம் குறைந்திருக்கும், அதனால் மளிகை வியாபாரம் சோர்ந்து கிடக்கும். மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுபவருக்கு 20ஆம் தேதியோடு அந்த மாதத்து வேலை முடிந்திருக்கும். ஒன்றாம் தேதி கூட்டம் வருவதற்குள் நீங்கள் திரும்பி வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் தேர்வு இன்னும் சுருங்கும். கோடை விடுமுறை மாங்காயோடும் கல்யாணங்களோடும் மோதும். காலாண்டு விடுமுறை ஆயுத பூஜையோடு மோதும். மீதி இருப்பது அரையாண்டு விடுமுறை. டிசம்பர் கடைசி வாரம், மார்கழி மாதம், முகூர்த்தம் கிடையாது, 20ஆம் தேதி தாண்டியிருக்கும். பேக்கரிக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் நம் காலண்டரில் இல்லை என்பது என் எண்ணம். மலை ஊர்களில் அப்போது ரூம் வாடகை ஏறியிருக்கும். அதனால் அந்த வாரத்தில் மலையை விட்டுவிட்டு வேறு ஊர் பாருங்கள்.

பூட்டுவதா, ஒப்படைப்பதா

தனி ஆளாகக் கடை நடத்துகிறீர்கள், உதவிக்கு இருப்பவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றால், யோசிக்காமல் பூட்டிவிட்டுப் போங்கள். அரைகுறையாகத் திறந்து வைப்பதைவிட முழுதாகப் பூட்டுவது நல்லது. பூட்டிய கடைக்கு வந்தவர் நான்கு நாள் கழித்து வருவார். திறந்த கடைக்கு வந்து, "அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, விலையும் தெரியாது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார்.

சில தொழில்களில் சட்டமும் குறுக்கே வரும். மெடிக்கல் ஷாப் என்றால் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். நீங்களே அந்த மருந்தாளுநர் என்றால் இன்னொரு மருந்தாளுநரை ஏற்பாடு செய்யாமல் கடையைத் திறந்து வைக்க வழியில்லை.

ஒப்படைப்பது என்று முடிவு செய்தால், யாரிடம் என்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடமாக உங்களோடு நிற்கும் பையனை விட்டுவிட்டு, கடைப் பக்கமே வராத மச்சானைக் கொண்டுவந்து கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். சொந்தக்காரர் என்பதால் நம்பிக்கை இருக்கலாம், ஆனால் மச்சானுக்கு ஒன்றரை இன்ச் பைப் எல்போ எந்த ரேக்கில் இருக்கிறது என்று தெரியாது. அவர் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பையனைத்தான் கேட்பார், பையனுக்கோ தன்னை நம்பவில்லை என்ற வருத்தம் மனதில் தங்கிவிடும். வேலை தெரிந்தவரிடம் கடையைக் கொடுங்கள். வீட்டு ஆள் ஒருவர் சாயங்காலம் வந்து அன்றைய பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ளட்டும். மனைவி கடையில் பாதி நேரம் இருப்பவர் என்றால் அவரைப் பொறுப்பாக வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். அவருக்கும் விடுமுறை வேண்டும் என்பதை அங்கே மறந்துவிடுகிறோம்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

80 பக்க நோட்டு ஒன்று போதும். கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டாம், செயலி எதுவும் வேண்டாம். கல்லா மேஜையில் கிடக்க வேண்டும், எண்ணெய்க் கையோடும் புரட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

காலையில் கடை திறப்பதிலிருந்து தொடங்குங்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, ஷட்டரில் எந்தப் பக்கம் முதலில் திறக்க வேண்டும், இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே, தண்ணீர் கேன் போடுபவருக்கு எவ்வளவு. இதெல்லாம் எழுத வேண்டுமா என்று தோன்றும். எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் கை தானாகச் செய்கிற வேலை என்பதால்தான் அதைச் சொல்ல மறந்துபோகிறோம்.

அடுத்தது விலை. நம் கடைகளில் அடக்க விலையை எழுத்துக் குறியாகப் பெட்டி மேல் எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் குறியீட்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது கடைசி விலை மட்டும்தான். அதிகம் ஓடும் ஐம்பது சரக்குக்கு விற்கும் விலையையும், அதிலிருந்து எதுவரை இறங்கலாம் என்பதையும் எழுதிக்கொடுங்கள். மற்றவற்றுக்கு ஒரே விதி போதும்: "100க்கு 5 வரை நீயே குறைக்கலாம். அதற்கு மேல் கேட்டால், அண்ணன் வந்ததும் பேசிக்கலாம்னு சொல்லு." இந்த ஒரு வரி இல்லாததால்தான் முதலாளிக்குப் பாதி போன் வருகிறது.

கடன் விஷயம் இன்னும் நுணுக்கமானது. நீங்கள் ஊரில் இல்லை என்று தெரிந்ததும், "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், எழுதிக்கோ தம்பி" என்று சிலர் வருவார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் பையனால் மறுக்க முடியாது. யார் யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு வரை என்று பெயரோடு ஒரு பக்கம் எழுதுங்கள். என் கடையில் அது மேஸ்திரிகள், பெயிண்டர்கள், பிளம்பர்கள் பட்டியல். பட்டியலில் இல்லாதவருக்கு ரொக்கம் அல்லது யுபிஐ மட்டும். பையனிடம் மறுக்கும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தைக் காட்டும் உரிமையைக் கொடுங்கள். "இதில் பெயர் இல்லண்ணா" என்று சொல்வது அவனுக்குச் சுலபம்.

யுபிஐ என்றதும் ஒன்று. உங்கள் போனுக்குத்தான் பணம் வந்த செய்தி வரும் என்றால், நீங்கள் ஏலகிரியில் உட்கார்ந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சவுண்ட் பாக்ஸ் வாங்கி வையுங்கள். பாக்ஸ் தொகையைச் சொன்னால்தான் சரக்கு வெளியே போக வேண்டும், வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அல்ல. பாக்ஸின் சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

தொழிலுக்கே உரிய பக்கம் ஒன்று வேண்டும். பெயிண்ட் கடையில் அது கலர் பக்கம். போன மாதம் ஒரு வீட்டுக்கு நான்கு லிட்டர் கலந்து கொடுத்திருப்போம். இப்போது பெயிண்டர் வந்து "அதே கலரில் இன்னும் ஒரு லிட்டர்" என்பார். எனக்கு அந்த வீடு ஞாபகம் இருக்கும், பையனுக்கு இருக்காது. அதனால் கலக்கிய தேதி, வீட்டுக்காரர் பெயர், கலர் நம்பர், எந்த பேஸ் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படை பெயிண்ட்) என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறோம். டெய்லர் என்றால் அளவு நோட்டும் டெலிவரி தேதியும். மொபைல் சர்வீஸ் என்றால் யாருடைய போன், என்ன பழுது, பாஸ்வேர்டு எழுதிய சீட்டு எங்கே. டிபன் கடை என்றால் ஒரு படி அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை மணிக்கு ஊறப்போட வேண்டும். உங்கள் தொழிலின் பக்கம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

போய்ப் பார்த்துத் திரும்புங்கள்

நோட்டு தயாரானதும் நேராகப் பயணம் கிளம்ப வேண்டாம். ஒரு சாதாரண புதன்கிழமை மதியம் வீட்டுக்குப் போய்விடுங்கள். அடுத்த வாரம் ஒரு முழு நாள். ஊருக்குள்ளேயே இருங்கள், ஆனால் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். போனை எடுங்கள், பதில் சொல்லுங்கள், சொன்னதை உடனே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வந்த போன் ஒவ்வொன்றும் நோட்டில் விடுபட்ட ஒரு வரி. இரவு அவற்றைச் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்த தடவை அந்த போன் வராது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போனுக்குக் குறைந்தால் நான்கு நாள் போகலாம். அதற்கு மேல் வந்துகொண்டே இருந்தால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், அல்லது பூட்டிவிட்டுப் போங்கள்.

பணமும் தேதிகளும்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவருக்கு ஜிஎஸ்டிஆர் 1க்கு (விற்பனை விவரம்) கடைசித் தேதி மறுமாதம் 11, 3பிக்கு (வரி கட்டும் ரிட்டர்ன்) 20. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையில் இருந்தால், ஜிஎஸ்டிஆர் 1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, தமிழ்நாட்டில் 3பி 22. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25க்குள் கட்ட வேண்டும். காம்போசிஷனில் (விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதம் மட்டும் வரி கட்டும் எளிய முறை) இருப்பவர்கள் காலாண்டு முடிந்ததும் 18ஆம் தேதிக்குள் சிஎம்பி 08 படிவம் போட வேண்டும். வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் (விற்பனை பூஜ்யம் என்ற கணக்கு) போட்டாக வேண்டும். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், நில் என்றால் 20. ஆடிட்டரிடம் பில்களை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ரிட்டர்னை உறுதி செய்யும் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும், டவர் இல்லாத மலைக்கிராமத்தில் இருந்தால் ஆடிட்டர் என்ன செய்வார்? ஊழியர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்டுபவர்களுக்கு அது 15ஆம் தேதி.

ஏஜென்சிக்குக் கொடுத்த செக்குகளைப் பாருங்கள். இப்போது செக் போட்ட அன்றைக்கே கிளியர் ஆகிறது, முன்பு போல இரண்டு நாள் அவகாசம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. கணக்கில் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சீட்டுப் பணம், லோன் தவணை, கரண்ட் பில் மூன்றும் அந்த வாரத்தில் வருகிறதா என்று பாருங்கள். தினத்தவணை கட்டுபவராக இருந்தால், வசூலுக்கு வருபவரிடம் நேரில் சொல்லி, அந்த நான்கு நாளுக்கானதை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பூட்டிய கடை முன்னால் அவர் வந்து நின்று அக்கம் பக்கம் விசாரிக்கும்படி விட வேண்டாம்.

நம் பக்கம் பாதிச் சரக்கு பெங்களூரிலிருந்து வருகிறது. வேறு மாநிலம் என்பதால் சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனாலே இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும் (தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம்). 200 கிலோமீட்டர் வரை அந்த பில்லுக்கு ஒரு நாள்தான் செல்லுபடி. வண்டி வரும்போது ஷட்டர் மூடியிருந்தால் சரக்கு திரும்பிப் போகும், வண்டி வாடகையும் உங்கள் தலையில். அதனால் சேல்ஸ்மேன்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி ஆர்டரை நிறுத்துங்கள்.

யாரிடம் எப்படிச் சொல்வது

வாடிக்கையாளர்களுக்குப் பத்து நாள் முன்பிருந்தே வாய்வழியாகச் சொல்லத் தொடங்குங்கள். "22லிருந்து 25 வரை கடை இருக்காதுக்கா, வேணும்னா இப்பவே எடுத்துக்கோங்க" என்றால் பாதிப் பேர் அப்போதே வாங்கிக்கொள்வார்கள். போர்டில் தேதி மட்டும் போதும்: "கடை 22 முதல் 25 வரை விடுமுறை. 26 காலை 9 மணிக்குத் திறக்கும்." ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வாடிக்கையாளர்கள் நிறைய. அந்த மொழிகளிலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் அவர்கள் வீணாக நடக்க வேண்டியிருக்காது. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் அதிலேயே தானியங்கிப் பதில் போட்டுவிடலாம்.

குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் என்று மட்டும் எங்கும் எழுதாதீர்கள். வீடும் பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொன்னது போலாகும். போட்டோக்களைத் திரும்பி வந்தபின் ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். பூட்டிய வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்கலாம்.

டெய்லர்கள், ஆரி வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே புது ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு, கையில் உள்ளதை முடியுங்கள். இல்லாவிட்டால் போவதற்கு முந்தின இரவு முழுக்க மெஷினில் உட்கார்ந்து, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவீர்கள். மாதக்கணக்குக்குச் சாப்பாடு போடுகிற மெஸ்காரர்கள், அந்த நான்கு நாளுக்கு வேறு மெஸ் ஒன்றைத் தாங்களே பேசிக்கொடுத்துவிடுவது மரியாதை. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிற பையன் பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாது.

பூட்டுகிற அன்று

சாயங்காலம் ஐந்து மணிக்கே வியாபாரத்தை நிறுத்திவிடுங்கள். கடைசி நிமிட வேலையில்தான் எதையாவது மறப்போம்.

கல்லாவில் ஒரு ரூபாய்கூட இருக்க வேண்டாம், அதைத் திறந்தே வையுங்கள். மளிகைக்கடையில் தயிர், பால், ரொட்டியை இரண்டு நாள் முன்பிருந்தே குறைத்து வாங்கி, மீதியை அன்று விற்றுத் தீர்த்துவிடுங்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் அடுக்குங்கள். நான்கு நாள் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் எலிக்குத் திருவிழாதான். டிபன் கடையில் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். சிமெண்ட் மூட்டைகள் சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள், சுவர் ஈரம் ஏறினால் கட்டி தட்டிவிடும்.

மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். என் கடையில் பெயிண்டில் நிறம் சேர்க்கும் டின்டிங் மெஷின் இருக்கிறது. அதில் உள்ள நிறக் குப்பிகளை ஓயாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் தங்கிவிடும், நாசில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் கலக்குகிற முதல் டப்பாவில் கலர் மாறிப்போகும். ஆட்டோமேடிக் மெஷின் கரண்ட் இருந்தால் தானாகவே கலக்கிக்கொள்ளும். அதனால் அதன் எம்சிபியை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி சுவிட்ச்) மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இறக்குகிறோம். எந்த எம்சிபி எதற்கு என்று பெட்டி மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஐஸ்கிரீம் ஃப்ரீசர், மருந்து ஃப்ரிட்ஜ், சிசிடிவி வைத்திருப்பவர்களும் இப்படிப் பிரித்துத்தான் அணைக்க வேண்டும்.

ஷட்டரின் இரண்டு பக்கப் பூட்டுக்கும் நடுப் பூட்டுக்கும் எண்ணெய் விட்டு, பூட்டியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். சாவி ஒரு செட் உங்களிடம், இன்னொன்று ஊரிலேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். தீயோ தண்ணீரோ என்று எதுவும் நேர்ந்தால் திறக்க ஆள் வேண்டும்.

எங்கே போவது

முதல் தடவை பக்கத்திலேயே போங்கள். ஏலகிரி, ஏற்காடு இரண்டும் அரை நாளுக்குள் போய்ச் சேருகிற தூரம். அவசரம் என்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்ற தைரியம் இருந்தால்தான் முதல் தடவை மனம் அடங்கும். மலை ஊருக்குத் திங்கள் முதல் வியாழன் வரை போனால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போவதென்றால், கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் பாதை கிடையாது. தருமபுரி, ஓசூர் நிலையங்கள் பெங்களூர்–சேலம் வழியில் இருக்கின்றன. சென்னைப் பக்கம் போக ஜோலார்பேட்டையும், அரூர்க்காரர்களுக்கு மொரப்பூரும் கைகொடுக்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் பயணத் தேதி தானாக உறுதியாகிவிடும். டிக்கெட் எடுத்துவிட்டால் "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் எண்ணமும் குறையும்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தோடு சேர்த்துப் போகலாம் என்று வீட்டில் யோசனை வரும். வேண்டாம். அங்கே போனால் நீங்கள் பந்தி பரிமாறுவீர்கள், உங்கள் மனைவி அடுப்படியில் இருப்பார். அது விடுமுறைக் கணக்கில் சேராது.

போன இடத்தில் போன்

கடையை ஒப்படைத்துவிட்டுப் போனவர்களுக்கு இரவு எட்டரை மணிக்கு ஒரு போன் போதும், கால் மணி நேரம். கேட்க வேண்டியவை: இன்றைக்குக் கல்லா எவ்வளவு, என்ன சரக்கு தீர்ந்தது, யார் வந்து வாங்காமல் போனார்கள். "ஏன் அதைக் கொடுக்கவில்லை, ஏன் இதைச் செய்யவில்லை" என்பதெல்லாம் திரும்பி வந்தபின் பேசலாம். பகலில் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள், எது அவசரம் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்: தீ, திருட்டு, யாருக்காவது அடிபட்டது, அதிகாரிகள் வந்தது.

சிசிடிவியைப் போனில் பார்க்கிற வசதி வந்தபின் ஒரு புதுத் தொல்லை. படகில் உட்கார்ந்துகொண்டு, கடையில் யார் எந்த அலமாரியைத் திறக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் காட்டிக்கொண்டிருப்பான். அந்தச் செயலியை நான்கு நாளைக்கு எடுத்துவிடுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் போனை மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.

திரும்பி வந்த முதல் நாள்

ஒரு நாள் முன்னதாக ஊருக்கு வந்துவிடுங்கள். துணி துவைத்து, தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் கடைக்குப் போங்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேராக ஷட்டரைத் தூக்கினால் அன்று முழுக்க வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுவீர்கள்.

பூட்டியிருந்த கடையென்றால் முதல் ஒரு மணி நேரம் பெருக்கித் துடைத்து, ஃப்ரிட்ஜையும் மூட்டைகளையும் பார்த்து, தேவையான சரக்குக்கு போன் போடுவதில் போய்விடும். அன்றைக்குப் புது ஆர்டர் எதற்கும் உடனடி டெலிவரி ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்படைத்திருந்த கடையென்றால், பையனை உட்கார வைத்து முதலில் அவனைப் பேசவிடுங்கள். கணக்கில் நூறு இருநூறு இடித்தாலும் அன்றே விசாரணை வேண்டாம், இரண்டு நாளில் எங்காவது அகப்படும். அவன் தடுமாறிய இடங்களைக் கேட்டு நோட்டில் சேர்த்து எழுதுங்கள். வாங்காமல் திரும்பிப் போனவர்களுக்கு நீங்களே போன் பண்ணுங்கள், "தேடி வந்தீங்களாமே, என்ன வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் திரும்ப வருவார்கள். நான்கு நாளும் பொறுப்பாக நின்றதற்கு ஒரு தொகையைக் கவரில் போட்டு, சம்பளத்தோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். அவனுக்கான 12 நாள் விடுப்பில் எந்தத் தேதி வேண்டும் என்றும் அப்போதே கேட்டு, அதே காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாட்களில் கடையில் நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கும், அதற்கேற்ப ஆர்டர்களை வாங்கிக்கொள்ளலாம்.